பிரெஞ்சில் யாருக்கு எப்படி வணக்கம் சொல்வது? கடை, ஆபீஸ், விருந்து, மெயில்

முதல்பாடம்:

பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போன்ஜூர் (வணக்கம்), போன்ஸ்வார் (மாலை வணக்கம்), சால்யு (ஹாய்), சா வா (நலமா?) எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெளிவாக இல்லை. வேலைக்காக பிரான்ஸ் போக வேண்டியிருக்கிறது. கீழே உள்ளவற்றில் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் என்ன சொல்ல வேண்டும்? ஆபீசில் ஒரே ஆளை ஒரு நாளில் நாலு தடவை பார்த்தால் நாலு தடவையும் போன்ஜூர் சொல்வதா? த்யு, வூ இரண்டையும் அப்படியே நீ, நீங்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? கன்னத்தோடு கன்னம் வைக்கும் வழக்கம் எல்லாருக்கும் கட்டாயமா? முன்பின் தெரியாதவருக்கு மெயில் எழுதினால் எப்படித் தொடங்குவது? உச்சரிப்பையும் யாராவது விளக்கினால் நல்லது.

தெருமுனை:

கடையிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் தவறு நடப்பது அங்கேதான்.

போன்ஜூரை ‘ஹலோ’ மாதிரி, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லாத சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரான்சில் அது பேச்சுக்குள் நுழையும் வாசல். அதைத் தாண்டாமல் நேராக ‘இது எவ்வளவு?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் காதில் அது அதட்டலாக விழும். பின்னால் எத்தனை ‘சில் வூ ப்ளே’ (தயவுசெய்து), ‘மெர்சி’ (நன்றி) சேர்த்தாலும் அந்தக் குறை தீராது. சிலர் பதில் சொல்வதற்கு முன் ‘போன்ஜூர்’ என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். ‘நீங்கள் இன்னும் சொல்லவில்லையே’ என்பதுதான் அதன் பொருள். அப்போது உடனே போன்ஜூர் சொல்லிவிட்டுக் கேள்வியை முதலிலிருந்து கேளுங்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

ரொட்டிக்கடையில் நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். உங்கள் முறை வந்து, கடைக்காரர் உங்களைப் பார்த்ததும்:

– போன்ஜூர் மதாம். (வணக்கம் அம்மா.)
– போன்ஜூர் மெஸ்யே. (வணக்கம் ஐயா.)
– யுன் பகெத், சில் வூ ப்ளே. (ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து.)
– அவெக் செசி? (இதோடு வேறு ஏதாவது?)
– செ தூ, மெர்சி. (அவ்வளவுதான், நன்றி.)
(பணம் கொடுத்து மீதி வாங்குகிறீர்கள்.)
– மெர்சி, பொன் ஜூர்னே! (நன்றி, நல்ல பகல் அமையட்டும்!)
– மெர்சி, வூ-ஸோஸி. ஓ ரெவ்வார்! (நன்றி, உங்களுக்கும். போய் வருகிறேன்.)

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். நீங்கள் போன்ஜூர் சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்வதற்கு இடம் விட வேண்டும். ‘போன்ஜூர்-யுன்-பகெத்’ என்று ஒரே மூச்சில் ஓட்டினால் பாதி மரியாதைதான் போய்ச் சேரும். அதே மாதிரி அவர் முன்னால் நிற்கிறவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்து சொல்லாதீர்கள். பார்வை உங்கள் பக்கம் திரும்பட்டும்.

சின்னக் கடை என்றால் உள்ளே நுழைந்தவுடன், ஒன்றும் வாங்கப் போவதில்லை என்றாலும், ஒரு போன்ஜூர். ஒன்றும் வாங்காமல் வெளியே போகும்போது ‘மெர்சி, ஓ ரெவ்வார்’. சூப்பர் மார்க்கெட்டில் நுழைவாயிலில் யாரையும் தேட வேண்டாம், கல்லாவில் உங்கள் முறை வரும்போது சொன்னால் போதும். பஸ்ஸில் முன்பக்கம் ஏறினால் ஓட்டுநருக்கு. லிஃப்டில் முகம் தெரியாதவர் இருந்தாலும் நுழையும்போது போன்ஜூர், இறங்கும்போது பொன் ஜூர்னே. டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு போன்ஜூர். ‘மேஸ்யே-தாம்’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள், ‘ஐயாமார்களே, அம்மாமார்களே’ என்கிற மாதிரி. கொஞ்சம் பழைய பாணி, ஆனால் இன்றும் காதில் விழும்.

பெரிய நகரத்துத் தெருவில் எதிரே வருகிறவர்களுக்கும் மெட்ரோவில் பக்கத்தில் உட்காருபவருக்கும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் என்ன வேண்டும் என்று பார்ப்பார்கள். மலைப்பாதையில் நடந்து போகும்போது மட்டும் எதிரில் வருகிற எல்லாருக்கும் போன்ஜூர் உண்டு.

தெருவில் வழி கேட்பதென்றால் ‘எக்ஸ்க்யுஸே-முவா’ என்று மட்டும் தொடங்காதீர்கள். ‘போன்ஜூர், எக்ஸ்க்யுஸே-முவா த வூ தெரான்ஜே’ (வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்) என்று தொடங்குங்கள். நின்று கேட்பவர்கள் அதிகமாவார்கள்.

நாக்குநுனி:

உச்சரிப்புக்கு வருகிறேன். இங்கே எல்லாரும் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம், படிக்கும்போது சில இடங்களில் திருத்திக்கொள்ள வேண்டும்.

போன்ஜூரின் முதல் எழுத்து, ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவதாக வரும் ‘ப’வின் ஒலி. அடுத்து வருகிற ‘ன்’ உண்மையில் ஒரு தனி மெய் கிடையாது. ‘ஓ’ என்று வாயைக் குவித்து, காற்றில் பாதியை மூக்கு வழியாக விடுங்கள். நாக்கு மேலண்ணத்தைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் தெளிவான ‘ன்’ வந்துவிடும், அதுதான் நம்மவர்கள் எல்லாரும் செய்கிற பிழை. விரலை மூக்கின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிய வேண்டும்.

‘ஜூ’வும் நம் ஜ இல்லை. ‘ஷ’ என்று நீட்டிச் சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் அதிர விடுங்கள். அந்த ஒலிதான் வேண்டும். கடைசி ‘ர்’ நாக்கு நுனியில் உருளாது, தொண்டையின் பின்பக்கம் லேசாக உரசிவிட்டுப் போகும்.

இதற்கு நேர்மாறு ‘பொன் ஜூர்னே’. அதில் ‘ன்’ முழுசாக ஒலிக்க வேண்டும். ஆண்பால் சொல்லில் மூக்கொலி, பெண்பால் சொல்லில் தெளிவான ன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பொன் ஸ்வாரே, பொன் நுயி எல்லாம் தானாக அமையும்.

‘சால்யு’வின் கடைசியில் எழுத்தில் ஒரு ‘த்’ இருக்கும், ஒலிக்காது. அந்த ‘யு’ தமிழில் இல்லாத உயிரொலி. வாய்க்குள் ‘ஈ’ சொல்லிக்கொண்டே, நாக்கை அப்படியே வைத்துவிட்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். த்யு என்ற சொல்லிலும் இதே ஒலிதான். அதை ‘தூ’ என்று சொன்னால் ‘எல்லாம்’ என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். மேலே ‘செ தூ’வில் வந்தது அந்தச் சொல்தான்.

மெஸ்யே என்று எழுதும்போது நடுவில் ன், கடைசியில் ர் எழுத்துகள் உண்டு, இரண்டும் ஒலிக்காது. மதாம் என்பதை ‘மேடம்’ ஆக்கிவிடாதீர்கள், இரண்டு அசையிலும் ஒரே ‘அ’தான்.

‘நலமா?’ என்பதற்கு கொமான்-தலே-வூ. நடுவில் வரும் ‘த’ சொற்களைச் சேர்க்கும்போது பிறப்பது, விட்டுவிட்டால் துண்டு துண்டாகக் கேட்கும். மேலே சொன்ன வூ-ஸோஸியில் வரும் ஸ்-உம் அப்படித்தான். அதை ஸ்ஸென்று காற்றாகச் சொல்லாமல் வண்டின் ரீங்காரம் போல் அதிர விட வேண்டும்.

முதல்பாடம்:

‘த்யு’ ஒலி பத்துத் தடவை முயன்ற பிறகு ஓரளவு பிடிபட்டது, நன்றி. பொன் ஜூர்னே என்பது விடைபெறும்போது மட்டும்தானா? போன்ஸ்வார் எத்தனை மணிக்குத் தொடங்கும்? த்யு, வூ பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

அகராதிப்பக்கம்:

ஆமாம், பொன் ஜூர்னே (நல்ல பகல் அமையட்டும்), பொன் ஸ்வாரே (நல்ல மாலை அமையட்டும்) இரண்டும் பிரியும்போது சொல்லும் வாழ்த்து. உள்ளே நுழையும்போது சொன்னால், வந்ததும் கிளம்புகிற மாதிரி ஆகும். பொன் நுயி, தூங்கப் போகிறவருக்கு மட்டும். இரவு 9 மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது பரிமாறியவரிடம் பொன் நுயி சொல்ல வேண்டாம், பொன் ஸ்வாரே சொல்லுங்கள்.

போன்ஸ்வாருக்குக் கடிகாரக் கணக்கு இல்லை. ஏறக்குறைய மாலை 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் 5 மணிக்கே இருட்டிவிட்டால் அப்போதே மாறுவார்கள், கோடையில் 7 மணிக்கும் போன்ஜூர் கேட்கும். நீங்கள் ஒன்று சொல்லி அவர் மற்றொன்று சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு நாளில் ஒருவருக்கு ஒரு போன்ஜூர்தான். மறுபடி சொன்னால் ‘காலையில் என்னைப் பார்த்ததே நினைவில்லையா’ என்று படும். இரண்டாவது தடவை ஒரு புன்னகை போதும், அல்லது ‘ரெபோன்ஜூர்’ (மறுபடியும் வணக்கம்) என்று ஒரு சொல் இருக்கிறது. நெருங்கியவர்கள் அதையும் சுருக்கி ‘ரெ’ என்பார்கள்.

இப்போது த்யு, வூ. இலக்கணத்தில் நீ, நீங்கள்தான். ஆனால் யார் யாருக்கு என்ற கணக்கு நம்முடையது போல் வயதையும் உறவுமுறையையும் மட்டும் பார்த்து ஓடாது. நாம் அண்ணனையும் மாமாவையும் ‘நீங்க’ என்போம். பிரெஞ்சுக் குடும்பங்களில் பெரும்பாலும் எல்லாரும் எல்லாருக்கும் த்யு, 6 வயதுக் குழந்தை பாட்டியையும் த்யு என்றுதான் கூப்பிடும். அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. கடையில் வேலை செய்கிற 18 வயதுப் பையனுக்கோ கண்டிப்பாக வூ. அவனை த்யு என்றால் அவமானம். போலீசாருக்கு இது விதியாகவே இருக்கிறது: 2014 முதல் நடப்பில் உள்ள அவர்களின் நடத்தை விதித்தொகுப்பு பொதுமக்களை வூ என்றே அழைக்கச் சொல்கிறது.

அதாவது வூ என்பது ‘பெரியவர்’ என்பதைவிட ‘இன்னும் பழகவில்லை’ என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. வயது வந்த இருவருக்குள் அது இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஒருவர் த்யு, மற்றவர் வூ என்று நீடித்தால் ஏதோ ஏற்றத்தாழ்வு என்று தோன்றும்.

ஆபீசில் முதல் நாள் எல்லாருக்கும் வூ. பல இடங்களில் சில மணி நேரத்திலேயே யாராவது ‘ஓன் பே ஸ த்யுத்வாயே?’ (நாம் த்யு போட்டுப் பேசலாமா?) என்று கேட்பார்கள். வயதில் அல்லது பதவியில் மூத்தவர் கேட்பதுதான் வழக்கம், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கேட்டபின் ‘அவெக் ப்ளேஸிர்’ (மகிழ்ச்சியுடன்) என்று சொல்லிவிட்டு உடனே மாறிவிடுங்கள். மரியாதை என்று நினைத்து வூவிலேயே நின்றால் அவரைத் தள்ளி வைக்கிற மாதிரி ஆகிவிடும். த்யு ஆனபின் மறுபடி வூவுக்குத் திரும்புவது கோபத்தின் அடையாளம்.

சொற்கள் ஜோடியாக நகரும் என்பதையும் மறக்காதீர்கள். வூ என்றால் போன்ஜூர், கொமான்-தலே-வூ, சில் வூ ப்ளே, ஏ வூ (நீங்கள்?). த்யு என்றால் சால்யு, சா வா, சில் த ப்ளே, ஏ துவா (நீ?). ‘சால்யு மதாம்’ என்பது வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டிய மாதிரி, பொருந்தாது. கூகூ இன்னும் நெருக்கமானது, நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் மட்டும்.

சா வா கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியல்ல, பழகியவர்களிடம் மட்டும். பதிலும் பெரும்பாலும் ‘சா வா, ஏ துவா?’ என்பதோடு முடியும். உடம்பு வலியைப் பட்டியல் போடும் இடம் அதுவல்ல.

தெருமுனை:

விளிச்சொல் பற்றி ஒரு சேர்க்கை. போன்ஜூரோடு மதாம் அல்லது மெஸ்யே சேர்த்தால் மரியாதை ஒரு படி கூடும். குடும்பப் பெயரைச் சேர்ப்பது ஏற்கெனவே தெரிந்த அண்டை வீட்டார், வாடிக்கையாளர் போன்றவர்களுக்கு. மத்முவாஸெல் (செல்வி) வேண்டாம்: 2012 பிப்ரவரியில் அரசு சுற்றறிக்கை மூலம் அலுவலகப் படிவங்களிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். பேச்சில் சிலர் இன்னும் சொல்வார்கள், ஆனால் வளர்ந்த பெண் யாராக இருந்தாலும் மதாம் என்றால் தவறே வராது. டாக்டருக்கு ‘போன்ஜூர் தொக்தேர்’. வக்கீலுக்கும் பத்திரப்பதிவு நோட்டருக்கும் ஆண் பெண் இருவருக்குமே ‘மேத்ர்’.

கைகுலுக்கி:

கன்னத்து விஷயத்துக்கு வருகிறேன். பெயர் ‘லா பீஸ்’. கட்டாயம் இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் அடியோடு நின்று, பிறகு குடும்பத்திலும் நண்பர்களிடையேயும் திரும்பியது. ஆபீசில் முன்பு போல் இல்லை.

செய்முறை: உதடு கன்னத்தில் படாது. கன்னமும் கன்னமும் லேசாகத் தொட, காற்றில் சின்னதாக ஒரு முத்தச் சத்தம், பிறகு மறு கன்னம். பாரிசில் 2 தடவை. தெற்கே மோன்பெலியே பக்கம் 3. பெல்ஜியத்தில் பொதுவாக 1, சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியில் 3. பிரான்சிலேயே 4 தரும் ஊர்களும் உண்டு. பல இடங்களில் முதலில் வலது கன்னம், தென்கிழக்கில் இடது. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூக்கு இடிக்கும். அதனால் புதியவர் தானாகத் தொடங்காமல், எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு நகர்வது நல்லது. எண்ணிக்கையையும் அவரே முடிக்கட்டும். பெண்களுக்குள்ளும் ஆண் பெண் இடையிலும் வழக்கம் அதிகம், ஆண்களுக்குள் உறவினர், நெருங்கிய நண்பர் என்றால் உண்டு, மற்றபடி கைகுலுக்கல். கட்டி அணைப்பது அங்கே பீஸை விட நெருக்கமானது, அதை மரியாதையான மாற்று என்று நினைக்காதீர்கள்.

வேண்டாம் என்றால், இரண்டு மூன்று அடி இருக்கும்போதே கையை முழுசாக நீட்டி போன்ஜூர் சொல்லிவிடுங்கள். தாமதமாக, அவர் முகம் பக்கத்தில் வந்தபின் நீட்டினால்தான் சங்கடம். ஜலதோஷம் என்றால் ‘ஜ ந வூ-ஸாம்ப்ராஸ் பா, ஜ சுயி ஆன்ரியுமே’ (ஜலதோஷம், அதனால் முத்தம் வைக்கவில்லை) என்று சொன்னால் எதிராளி நன்றி சொல்வார்.

கைகுலுக்கல் சுருக்கமாக, ஒரே ஒரு அசைப்பு, கண்ணைப் பார்த்து. விருந்தில் 8 பேர் இருந்தால் 8 பேருக்கும் தனித்தனியாக. கிளம்பும்போதும் அதே மாதிரி, இதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் பெயர் சொன்னதும் ‘ஆன்ஷான்தே’ (மகிழ்ச்சி). எழுதும்போது ஆண் பெண்ணுக்கு வேறுபாடு உண்டு, ஒலி ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. ‘முத்தமிட’ என்று அகராதியில் தேடினால் ‘பேஸே’ என்ற வினைச்சொல் கிடைக்கலாம். இன்றைய பேச்சில் அது கொச்சையான பொருள் கொண்டது. ‘ஃபேர் லா பீஸ்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

விருந்துக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னால் போகக் கூடாது. 10, 15 நிமிடம் தாமதம் மரியாதை, அதற்கு ‘கார் தேர் த பொலிதெஸ்’ (மரியாதைக் கால் மணி நேரம்) என்று பெயரே இருக்கிறது. பூ கொண்டு போனால் சாமந்தி இனம் வேண்டாம். நவம்பர் 1 ஒட்டி கல்லறைகளில் வைக்கும் பூ அது.

கடிதமேசை:

மெயில்: முன்பின் தெரியாதவருக்கு, ஆணா பெண்ணா என்றும் தெரியாவிட்டால் ‘மதாம், மெஸ்யே,’ என்று மட்டும். தெரிந்தால் ‘போன்ஜூர் மதாம்,’. இது சாதாரண மெயிலுக்கு. வேலை விண்ணப்பம், அரசு அலுவலகக் கடிதம் என்றால் போன்ஜூர் எழுதாமல் ‘மதாம்,’ அல்லது ‘மெஸ்யே,’. ‘அன்புள்ள’ என்பதற்கு ஈடான ‘ஷேர்’ பழகியவருக்குத்தான், முதல் கடிதத்தில் போட்டால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். விளிக்குப் பிறகு கமா, அடுத்த வரி பெரிய எழுத்தில் தொடங்கும்.

முடிவில் ‘கோர்தியால்மான்’ பெரும்பாலான அலுவல் மெயிலுக்குப் போதும், ‘பியேன் கோர்தியால்மான்’ அதைவிடக் கொஞ்சம் இதமானது. முறையான கடிதத்துக்கு முழு வாக்கியம்: ‘ஜ வூ ப்ரி தாக்ரேயே, மதாம், மே சால்யுத்தாஸ்யோன் திஸ்தேங்கே’ (என் சிறப்பு வணக்கங்களை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்). நடுவில் வரும் விளி, கடிதத் தொடக்கத்தில் போட்டதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மேலே ‘மதாம், மெஸ்யே’ என்று தொடங்கிவிட்டுக் கீழே ‘மதாம்’ என்று மட்டும் முடித்தால், வார்ப்புருவை அப்படியே ஒட்டியது தெரிந்துவிடும்.

போனில் எடுக்கிறவர்தான் ‘அலோ?’ சொல்வார். நீங்கள் ‘போன்ஜூர்’ சொல்லி, உங்கள் பெயரோடு ‘ஆ லாபரேய்’ (பேசுகிறேன்) சேர்த்து, பிறகு யாரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பெயர் சொல்லாவிட்டால் ‘செ த லா பார் த கி?’ (யார் பேசுவது?) என்று கேட்பார்கள். ‘ந கித்தே பா’ என்றால் வைத்துவிடாதீர்கள், காத்திருங்கள் என்று பொருள்.

முதல்பாடம்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: ‘பொன் ஜூர்னே’ சொன்னவருக்கு வூ-ஸோஸி சரியா? ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வேறு பதில் இருந்தது.

அகராதிப்பக்கம்:

அது ‘வூ த மேம்’ ஆக இருக்கும். கொஞ்சம் முறையானது, வூ-ஸோஸியை விட அதை விரும்புகிறவர்கள் உண்டு. கடையில் இரண்டும் செல்லும். த்யு போடுகிறவரிடம் மட்டும் ‘துவா ஓஸி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் போகிறீர்கள் என்றால், அந்த ஆண்டில் முதல் முறை பார்க்கிறவர்களுக்கு போன்ஜூரோடு ‘பொன் அனே’ (புத்தாண்டு வாழ்த்து) சேரும். அது மாதக் கடைசி வரை செல்லும்.